மகேசன் பார்த்த கோட்டை

அன்று ஒஸ்லோ நகரத்து ஹொல்ம்லியாவில் மகேசன் வீட்டு வரவேற்பறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். மகேசன், அவருடைய மனைவி யோகராணி, மகள் ராகவி. மாப்பிள்ளை பகுதியில், நகரத்தின் மற்றக் கோடி ரொம்சோஸிலிருந்து வந்த ரவீந்திரன், அவர் மனைவி ஜெயகுமாரி, மகன் அபிசன். இரண்டு பகுதிக்கும் பொதுவாகப் பேச்சைக் கொண்டு போன வீடியோ பிலேந்திரன். கடைசி அரை மணித்தியாலம் மட்டும், மேல்மாடியில் குடியிருக்கும் மிட்சுகோ என்ற ஜப்பானியப் பெண்மணி. வேறு ஒருவரும் இருக்கவில்லை. தாங்களும் அங்கே இருந்தது போல இன்று ஒஸ்லோவில் கதைப்பவர்கள் எல்லாரும் அன்று தத்தம் வீடுகளில்தான் இருந்தார்கள்.

2007ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. ரவீந்திரன் தேத்தண்ணிக் கோப்பையோடு சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் நின்றார். மூன்றடி அகலப் படம். கோட்டும் கழுத்துப் பட்டியுமாக மகேசன், பக்கத்தில் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட யோகராணி, பின்னால் ஒரு பெரிய கோட்டை.

“அண்ணை, இது எந்த இடம்?”

“மட்சுமோட்டோ,” என்றார் மகேசன். “ஜப்பானிலை பழைய கோட்டை நகரம். நானூறு வருஷத்துக் கோட்டை.”

ரவீந்திரன் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார். “அந்தக் கோட்டை கறுப்பெல்லோ? போன மாதம் தொலைக்காட்சியிலை காட்டினவங்கள். இது பாலிலை தோய்ச்ச மாதிரி வெள்ளையாய் இருக்கு.”

ரவீந்திரன் ரயிலில் சீட்டுப் பரிசோதகர். பத்தொன்பது வருஷமாக ஆட்கள் சொல்லும் காரணங்களை நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர்.

மகேசன் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். பிலேந்திரன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டு வந்தது அன்று மதியம்தான். விருந்தாளிகள் வருவதற்கு முன் மாட்ட வேண்டிய அவசரத்தில், படம் நேராகத் தொங்குகிறதா, தமது கழுத்துப் பட்டி நேராக இருக்கிறதா என்ற இரண்டை மட்டுமே அவர் பார்த்திருந்தார். இப்போதுதான் கோட்டையைப் பார்த்தார்.

“இது நான் பார்த்த கோட்டை இல்லை,” என்றார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மகேசனின் தகப்பன் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு. பாட்டனும் நொத்தாரிசு. அவர்கள் கையெழுத்து வைத்த காணி உறுதி ஒன்றாவது வழக்கில் விழுந்தது இல்லை. ஒஸ்லோவில் கப்பல் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கி வந்தாலும், மகேசன் வாயைத் திறந்தால் அது உறுதி எழுதின மாதிரித்தான் என்பது ஊராருக்குத் தெரியும்.

“அப்ப நீங்கள் பாக்காத ஒரு கோட்டைக்கு முன்னாலை நிக்கிறியள்,” என்றார் ரவீந்திரன்.

ஜெயகுமாரி வடையைக் கடித்தபடி நிறுத்தினார்.

“பிலேந்திரன்,” என்றார் மகேசன். “என்ன இது?”

பிலேந்திரனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒஸ்லோவில் தமிழ்ப் பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டுப் படங்களில் முக்கால்வாசி அவர் எடுத்தவை. பக்கத்து ஹவுகெட்டோ ரயில் நிலையத்தைத் தாண்டிப் போகாத பிள்ளைகள் கூட அவருடைய அல்பத்தில் சுவிஸ் மலையடியிலும் தாஜ்மகாலின் வாசலிலும் நிற்பார்கள். அது அவருடைய தொழில் முறை. யாரும் குறை சொன்னதில்லை.

“கொஞ்சம் வடிவாக்கினனான் அண்ணை,” என்றார் பிலேந்திரன், யோகராணியைப் பார்க்காமல்.

“வடிவாக்கிறதோ? கோட்டையையே மாத்திப் போட்டீர்.”

“அது வந்து, வெளிச்சம் காணாமல் இருந்தது. கறுப்புத்தான் வேணுமெண்டால் பத்து நிமிஷத்திலை கறுப்பாக்கித் தாறன்.”

“எனக்குக் கறுப்பும் வேண்டாம் வெள்ளையும் வேண்டாம். நான் தந்த படத்தைத் தாரும்.”

“அந்த மெமரி கார்ட்டை அழிச்சுப் போட்டன் அண்ணை. சுஜானியின்ரை சாமத்தியவீட்டு வீடியோ வைக்க இடம் காணேல்லை.”

ரவீந்திரன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீட்டு இல்லாத பிரயாணியைப் பார்ப்பது போலத் தலையைச் சற்றுச் சரித்துப் பார்த்தார்.

ஜெயகுமாரிதான் கேட்டார். “பிலேந்திரன் தம்பி, பிள்ளையின்ரை சாதகமும் நீர்தானே எங்களுக்குக் கொண்டு வந்து தந்தனீர்?”

“ஓம் அக்கா. ஆனால் சாதகத்திலை நான் கை வைக்கேல்லை.”

“அப்ப மிச்சத்திலை கை வைக்கிறனீர்.”

ராகவி தட்டை மேசையில் வைத்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது, மருந்துக்கடையில் வேலை. இதற்கு முன் நாலு சம்பந்தம் வந்து, நாலுக்கும் மாட்டேன் என்றவள். அபிசனுக்கு மட்டும், பெயரைச் சொன்ன உடனேயே ஓம் என்றாள். மகேசனுக்கு அது ஏன் என்று தெரியாது. அவளும் அபிசனும் ஒருவரை ஒருவர் முதல் தரம் பார்ப்பது போல இருக்க அன்று எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதும் தெரியாது. ஆனால் இந்த இடம் தவறினால் அவள் இனி எந்த இடத்துக்கும் தலையாட்ட மாட்டாள் என்பது மட்டும் தெரியும்.

“ராகவி,” என்றார் மகேசன். “உறுதிப் பெட்டியை எடுத்துக் கொண்டு வா.”

“என்னத்துக்கு இப்ப அது?” என்றார் யோகராணி. “வந்தவை சாப்பிடட்டும். ஜப்பான் போகேல்லை எண்டே நினைக்கட்டும். என்ன குறைஞ்சு போச்சு?”

“என்ன குறைஞ்சு போச்சோ?” மகேசன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். “நீர் யார் வீட்டு மருமகள் எண்டது ஞாபகம் இருக்கோ?”

உறுதிப் பெட்டி வந்தது. ஊர்க் காணிகளின் உறுதிகள், ராகவியின் மூலச் சாதகம், கடவுச்சீட்டுகள், எல்லாம் அதற்குள்தான். மகேசன் கடவுச்சீட்டை எடுத்து, ஜப்பானில் இறங்கியபோது ஒட்டிய சீட்டு இருந்த பக்கத்தை விரித்து ரவீந்திரனிடம் நீட்டினார். 2006, ஏப்ரல் 12.

ரவீந்திரன் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். “சரி,” என்றார். “இது மெய்.”

“அப்ப முடிஞ்சுது,” என்றார் யோகராணி. “வடை ஆறுது. பிள்ளை, அவைக்குச் சட்னி போடு.”

அத்தோடு ரவீந்திரன் விட்டிருக்கலாம். அங்கிருந்த மற்ற ஆறு பேரும் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் ரவீந்திரன் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ஜப்பான் போனனீங்கள், அது சரி. கோட்டை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது போலை. பரவாயில்லை அண்ணை, எல்லாரும் செய்யிறதுதானே,” என்றார்.

எல்லாரும் செய்வதை மகேசன் வீட்டார் செய்ததில்லை.

“கூட்டிச் சொல்லேல்லை. உள்ளுக்கை போய் இரண்டு மணித்தியாலம் இருந்தனாங்கள்.”

“அப்பா,” என்றாள் ராகவி. “காணும், விடுங்கோ.”

“இல்லைப் பிள்ளை. அவர் கேக்கட்டும். நான் சொல்லுறன்.”

அபிசன் நல்ல பிள்ளை. உதவி செய்வதாக நினைத்து, ராகவியின் மடிக்கணினியை மேசையில் திறந்தான். “மாமா, நான் நெட்டிலை பாத்து ஒண்டொண்டாய்க் கேக்கிறன். நீங்கள் சொல்லச் சொல்ல அப்பாவுக்கு நம்பிக்கை வந்திடும்.” மேசைக்குக் கீழே ராகவி அவன் காலை மிதித்தாள். பிந்திவிட்டது.

“மட்சுமோட்டோவிலை பாக்க வேண்டிய இடங்கள்,” என்று அபிசன் வாசித்தான். “தவளைத் தெரு. ஆற்றங்கரையிலை, கடை வழிய எல்லாம் தவளைச் சிலை. பாத்தனீங்களோ மாமா?”

“தவளை ஒண்டையும் நான் காணேல்லை.”

“பழைய பள்ளிக்கூடம். நூற்றிமுப்பது வருஷம். கூரையிலை கோபுரம்.”

“நாங்கள் படிக்கப் போகேல்லையே.”

“சரி, கோட்டை. உள்ளுக்கை போக முந்திச் சப்பாத்தைக் கழட்டி, ஒரு பொலித்தீன் பையிலை போட்டு, கையிலையே கொண்டு திரிய வேணும்.”

“கழட்டினது மெய்,” என்றார் மகேசன் உற்சாகமாக. “ஆனால் பையிலை போடேல்லை. அறை வாசல்லை வைச்சனாங்கள். மெல்லிய செருப்புத் தந்தவை.”

அபிசன் தயங்கினான். “மேலை போற படி மிச்சம் செங்குத்து. ஏணி மாதிரியாம். வயது போனவை கவனமாய் ஏற வேணுமாம். மாமிக்கு முழங்கால் ஏலாதே, எப்பிடி ஏறினவ?”

“என்ன படி?” என்றார் மகேசன். “லிஃப்ட் இருந்தது.”

ஜெயகுமாரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கொண்டார். ரவீந்திரன் கோப்பையை மிக மெதுவாகக் கீழே வைத்தார்.

“நானூறு வருஷக் கோட்டையிலை லிஃப்ட்.”

“ஓம்.”

“ராசா வைச்சவரோ?”

“பிறகு பூட்டியிருப்பினம். ஜப்பான்காரர் முதியோருக்கு மரியாதை தெரிஞ்சவை. நான் என்னத்தைச் சொல்லுறது. வாசல்லை சீட்டுத் தாற மனுசி தன்ரை முகத்தையே காட்டேல்லை. சின்ன யன்னல், திரை, அதுக்குக் கீழாலை கை மட்டும் வரும். அவ்வளவு பணிவு. பெயர் கேக்கேல்லை, ஊர் கேக்கேல்லை. முழங்கால் நோகுது எண்டு இவவைக் காட்டினன். இரண்டு மணித்தியாலத்துக்கு அறைத் திறப்பைத் தந்தவ. ஊரிலை முந்தி பயணியள் தங்க வாடிவீடு இருந்ததெல்லோ, அப்பிடி. ராசாவின்ரை பள்ளியறை மாதிரி ஒரு அறை. தேத்தண்ணி வைச்சிருந்தது. குளிக்கிற தொட்டியிலை நாலு பேர் இறங்கலாம்.”

“நீங்கள் குளிச்சனீங்களோ?” என்று கேட்டார் ஜெயகுமாரி.

“சித்திரை வருஷப் பிறப்பெல்லோ. தலைக்குத் தண்ணி வாத்தனாங்கள்.”

யோகராணி எழுந்து குசினிக்குள் போனார். அங்கே ஏதோ ஒரு சட்டி தேவையில்லாமல் விழுந்தது.

நடந்தது இதுதான். களஞ்சியத்தின் நத்தார்ப் பண்டிகை விருந்துச் சீட்டிழுப்பில் மகேசனுக்கு ஜப்பான் பயணம் விழுந்தது, இரண்டு பேருக்கு. இருபது நோர்வேக்காரரோடு ஈஸ்டர் விடுமுறையில் போனார்கள். மட்சுமோட்டோவில் இறங்கிய நாள் ஏப்ரல் பதினாலு. சித்திரை வருஷப் பிறப்பு, அதுவும் வெள்ளிக்கிழமை. கூட்டம் மீன் சாற்றில் நூடில்ஸ் சாப்பிடப் போனது. இவர்கள் இருவரும் வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, ஒஸ்லோவிலிருந்து கட்டிக் கொண்டு போன பயத்தம் பணியாரத்தைச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் கூட்டத்தைக் காணவில்லை. வழி கேட்பது நொத்தாரிசு வீட்டாருக்குப் பழக்கமில்லை. ஒரு பஸ் வந்தது, ஏறினார்கள். நகரம் முடிந்து பெருந்தெரு தொடங்கும் இடத்தில், மழைக்குள், கூரையில் பொன் மீன் மின்ன, அகழியில் கெண்டை நீந்த, ஒரு கோட்டை நின்றது. மகேசன் மணியை அமத்தினார்.

இதை ஹொல்ம்லியாவில் அவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இதுவரை ஒருவரும் லிஃப்டைப் பற்றிக் கேட்கவில்லை.

ரவீந்திரன் மனைவியைப் பார்த்தார். ஜெயகுமாரி கைப்பையைத் தேடினார். அது போகப் போகிறோம் என்பதற்கு அடையாளம்.

“மகேசன் அண்ணை,” என்றார் ரவீந்திரன், “நாங்கள் குறையாய் ஒண்டும் நினைக்கேல்லை. ஆனால் படம் ஒரு கோட்டை, வாயிலை ஒரு கோட்டை, நெட்டிலை ஒரு கோட்டை. ரொம்சோஸிலை ஏற்கெனவே கதைக்கினம், மகேசன் அங்கை போகவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை எண்டு. நான் நம்பாமல்தான் வந்தனான். இப்ப என்ன செய்யிறது? பிள்ளையின்ரை வயதையும் படிப்பையும் ஒருக்கால் ஆறுதலாய்ப் பாத்திட்டு…”

“வயதையோ?” என்றார் மகேசன்.

இரண்டு தலைமுறை எழுதிய உறுதிகள் அந்தப் பெட்டிக்குள் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மகளின் சாதகம். ஒரு லிஃப்டினால் எல்லாம் பொய்க் கடதாசியாகப் போய்க்கொண்டிருந்தது. அபிசன் மடிக்கணினியை மூடினான். ராகவி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே நகரத்துக்குப் போகும் ரயில் போனது.

“அப்பா,” என்றாள் அவள், திரும்பாமல். “நான் இவருக்குத்தான் ஓம் சொன்னனான்.”

மகேசன் பெட்டிக்குள் கையை விட்டார். உறுதிகளுக்கு அடியில் துழாவி, தபால் உறை ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு சிறிய அட்டையை வெளியே எடுத்தார். இளஞ்சிவப்பு அட்டை. ஒரு பக்கத்தில் கோட்டையின் படம். மற்றப் பக்கத்தில் பத்துக் கட்டம். இரண்டு கட்டத்தில் சிவப்பு முத்திரை. மிச்சமெல்லாம் ஜப்பானிய எழுத்து.

“கோட்டையிலை தந்த அட்டை. வெளிக்கிடேக்கை, அந்தக் கை தந்தது.”

ரவீந்திரன் எட்டிப் பார்த்தார். முத்திரை என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. “ஏன் இரண்டு முத்திரை?”

“குடையை விட்டிட்டு வந்திட்டன். அடுத்த நாளும் போனனாங்கள். குடையை எடுத்திட்டுச் சும்மா திரும்பக் கூடாதெண்டு இன்னும் ஒருக்கால் இருந்திட்டு வந்தனாங்கள். இவவுக்கு அந்த முறை அவ்வளவாய் விருப்பமில்லை.”

“இதிலை என்ன எழுதியிருக்கு?”

“எனக்கெப்பிடித் தெரியும்? ஜப்பான் பாசை.”

“மேல்மாடியிலை ஒரு ஜப்பான் மனுசி இருக்கிறா எண்டு சொன்னனீங்களெல்லோ,” என்றார் ஜெயகுமாரி. கைப்பை மடியிலேயே இருந்தது.

மிட்சுகோ நோர்வேக்காரரைக் கட்டி வந்து நாற்பது வருஷம். கணவர் இல்லை. அந்த மாடிக் கட்டடத்தில் யார் யார் எந்த வாரம் படி கழுவ வேண்டும் என்ற அட்டவணை அவர் பொறுப்பு. ‘மூன்றாம் மாடி கழுவப்பட்டது, மூலைகள் கழுவப்படவில்லை’ என்று சிறிய எழுத்தில் எழுதிக் கீழ் வாசலில் ஒட்டுவார். மூன்றாம் மாடி மகேசனுடையது. அந்த அறிவித்தலுக்குப் பிறகு இரண்டு வருஷமாக அவர் அந்தப் பெண்மணிக்கு வணக்கம் சொல்லவில்லை. இந்த அட்டையை அவரிடம் இதுவரை காட்டாததற்கு அதுதான் காரணம்.

“நான் போய்க் கூட்டிக் கொண்டு வாறன்,” என்றார் மகேசன். அந்த ஒரு வசனம் அவருக்கு என்ன விலை என்று அங்கே யோகராணிக்கு மட்டும்தான் தெரியும்.

யோகராணி குசினி வாசலில் நின்றார். “அந்த மனுசிக்குத் தடிமனாம்.”

“காலமை படியிலை கண்டனான். சுகமாய் இருந்தவ.”

“ஞாயிற்றுக்கிழமை. ஆக்களைக் கரைச்சல்படுத்தக் கூடாது.”

“அக்கா சொல்லுறது சரி,” என்றார் பிலேந்திரன் திடீரென்று. “அண்ணை, விடுங்கோ. பிழை என்னிலை. கிராபிக்ஸ் எண்டே இருக்கட்டும்.”

“ஏன் இருக்க வேணும்?” மகேசன் அவர் பக்கம் திரும்பினார். “பிலேந்திரன், நீர் சுவிஸ் மலையை மாத்துவீர், ஆக்கள் கேட்டால். கேளாமல் நீர் ஒண்டும் செய்யிற ஆள் இல்லை. உம்மை ஆர் கேட்டது?”

பிலேந்திரன் தரையைப் பார்த்தார். பிறகு குசினி வாசலைப் பார்த்தார். “கோட்டையை மாத்தச் சொன்னது அக்காதான். கார்ட்டை அழிக்கச் சொன்னதும் அவதான்.”

எல்லாரும் யோகராணியைப் பார்த்தார்கள்.

“ஏன் நீர் மாத்தச் சொன்னனீர்?” என்றார் மகேசன்.

“சும்மாதான்,” என்றார் யோகராணி. “வெள்ளை வடிவாயிருக்குமெண்டு.”

இந்தக் காரணத்தை ரவீந்திரன் ரயிலில் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே தண்டம் எழுதியிருப்பார். அவர் எழுந்து நின்றார். “அண்ணை, ஒரு வசனம் சொல்லுறன். அந்த அம்மா வந்து இந்த அட்டையை வாசிச்சு, நீங்கள் சொன்ன இடத்துக்குப் போனது மெய்யெண்டு சொன்னால், இண்டைக்கே நாள் குறிப்பம். ரொம்சோஸிலை கதைக்கிற ஆக்களுக்கு நானே ஒவ்வொருத்தராய்ப் போய்ச் சொல்லுறன்.”

“போகேல்லை எண்டால் எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்,” என்றார் மகேசன். “உங்களுக்கும் பாவம்.”

“நல்லது.”

மகேசன் மேல்மாடிக்குப் போனார். இரண்டு நிமிஷத்தில் மிட்சுகோவோடு திரும்பினார். எழுபது வயது, சின்ன உருவம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வாசலில் சப்பாத்தைக் கழற்றி, மற்றவர்கள் தாறுமாறாக விட்டிருந்த சப்பாத்துகளையும் சேர்த்து ஒழுங்காக அடுக்கிவிட்டு உள்ளே வந்தார். எல்லாருக்கும் தலை குனிந்தார். அவர் பேசியது நோர்வே மொழி. அது அந்த அறையில் எல்லாருக்கும் நன்றாக விளங்கும். இதைத்தான் பிற்பாடு மகேசன் நெடுநாள் நினைத்து வருந்தினார்.

“எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள்,” என்றார் மகேசன், அவரும் நோர்வே மொழியில். “ஒன்றும் கூட்ட வேண்டாம், ஒன்றும் விட வேண்டாம். எங்கள் குடும்பத்தில் மறைக்க ஒன்றுமில்லை.”

“நான் அப்படித்தான் வாசிப்பேன்,” என்றார் மிட்சுகோ.

அந்த நேரத்தில் யோகராணி தேத்தண்ணித் தட்டோடு வந்தார். யாரும் கேட்கவில்லை. மேசைக்குக் கிட்ட வந்ததும் கால் தடுக்கியது. தட்டில் இருந்த மூன்று கோப்பையும் அட்டைக்கு மேல் கவிழ்ந்தன. தடுக்குவதற்கு அந்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை.

“ராணி,” என்றார் மகேசன்.

மிட்சுகோ பதறவில்லை. அட்டையைத் தூக்கி, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஒற்றினார். “நல்ல அட்டை,” என்றார். “எழுத்து அழியவில்லை.”

யோகராணி நாற்காலியில் இருந்தார். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டார். அவர் அழுகிறார் என்று ஜெயகுமாரி நினைத்தார். ஒரு கை போட்டு அணைத்துக் கொண்டார்.

மிட்சுகோ மூக்குக் கண்ணாடியை மாட்டினார். “மேலே பெயர் இருக்கிறது. ‘கோட்டை’ என்றுதான் பெயர்.”

மகேசன் ரவீந்திரனைப் பார்த்தார்.

“ஊர், மட்சுமோட்டோ நகரம்.”

ரவீந்திரன் தலையை ஆட்டினார்.

“முத்திரையில் திகதி இருக்கிறது. எங்கள் கணக்கில் போட்டிருக்கிறார்கள். உங்கள் கணக்கில் 2006, ஏப்ரல் 14. மற்றது ஏப்ரல் 15.”

“பதினாலு வெள்ளிக்கிழமை,” என்றான் அபிசன், கைத்தொலைபேசியில் நாட்காட்டியைத் திறந்து. “வருஷப் பிறப்பு. சரி அப்பா. எல்லாம் சரி.”

ஜெயகுமாரி கைப்பையைக் கீழே வைத்தார். ரவீந்திரன் மேசையைச் சுற்றி வந்து, பத்தொன்பது வருஷத்தில் முதல் தரமாக ஒருவரை நம்பியவர் போல, மகேசனின் இரண்டு கையையும் பிடித்துக் கொண்டார். “சம்பந்தி,” என்றார். “என்னை மன்னிக்க வேணும். ரொம்சோஸிலை கதைக்கிறவைக்கு நான் சொல்லுறன். இண்டைக்குப் பின்னேரமே சொல்லுறன்.”

ராகவி அபிசனைப் பார்த்துச் சிரித்தாள். முதல் தரம் பார்ப்பவள் சிரிக்கிற மாதிரி அது இல்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மகேசனின் கண் கலங்கியிருந்தது. சுவரில் இருந்த வெள்ளைக் கோட்டையை அவர் மன்னித்துவிட்டார். பிலேந்திரனையும் மன்னித்துவிட்டார்.

“தக்,” என்று நோர்வே மொழியில் மிட்சுகோவுக்கு நன்றி சொன்னார். “ஆயிரம் தக். இனி மூலையும் கழுவுவோம்.”

“கீழே சிறிய எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது,” என்றார் மிட்சுகோ. “அதை விடட்டுமா?”

“விடுங்கோ,” என்றார் யோகராணி, தமிழில், தலைப்புக்குள்ளிருந்து.

“விடக் கூடாது,” என்றார் மகேசன், நிமிர்ந்து நின்று. “எல்லாரும் கேட்கட்டும். நாங்கள் அங்கே போகவில்லை என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அதற்கு இன்றோடு முடிவு.”

மிட்சுகோ அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கீழ் வாசலில் ஒட்டும் அறிவித்தலை வாசிக்கும் அதே குரலில் சொன்னார்.

“போகவில்லை என்பது பிழை. இருவரும் இரண்டு தடவை போயிருக்கிறார்கள், இன்னும் எட்டுத் தடவை போனால், கோட்டை போலக் கட்டிய இந்த ஹோட்டலில் காதல் சோடிகளுக்கு இரண்டு மணித்தியாலம் அறை இலவசம், பெயர் சொல்லத் தேவையில்லை.”